பிள்ளை கையில் போன்: எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே பார்ப்பது

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உடைந்த டிஸ்ப்ளேயோடு வருகிறவர்களுக்குச் சமமாக, "தம்பி, இதுல பய என்னத்தையோ பாக்குறான், ஒரு லாக்கப் போட்டுக் குடுங்க" என்று வருகிற அம்மாக்களும் இருக்கிறார்கள். போட்டுத் தருகிறேன். ஆனால் எந்த லாக்கும் நிற்பதில்லை, ஏனென்றால் அதே போனில்தான் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குரூப் இருக்கிறது, அம்மாவின் ஜிபே இருக்கிறது, மகளிர் குழுத் தவணை, கேஸ் சிலிண்டர் ஓடிபி, துபாயிலிருந்து வாப்பா கூப்பிடுகிற பாட்டிம் ஆப், எல்லாம் அதில்தான். பாஸ்வேர்டைப் பிள்ளையிடம் சொன்னால்தான் வீட்டில் பாதி வேலை நடக்கும். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன், உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன்னால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. எந்த அறிகுறியாக இருந்தாலும் போனைப் பிடுங்குவது முதல் வேலையாக இருக்கக் கூடாது. என்ன நடந்தது என்பதற்கான தடயம் முழுக்க அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. பிடுங்குவீர்கள் என்று தெரிந்த பிள்ளை, நீங்கள் கை நீட்டும் முன்னே எல்லாவற்றையும் அழித்துவிடும். அடுத்த தடவை பிரச்சினை வந்தால் சொல்லவும் சொல்லாது. "போன் உன்கிட்டயே இருக்கட்டும், என்னன்னு சேர்ந்து பாப்போம்" என்று உட்காருங்கள். இதை நான் நல்ல மனசுக்காகச் சொல்லவில்லை, இதைச் சொல்லாத வீடுகளில்தான் சின்ன விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போகிறது.

கணக்கில் பணம் சில்லறை சில்லறையாகக் குறைகிறது

மொத்தமாகப் போனால் அது மோசடி, உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள், தாமதிக்காதீர்கள். அதே நாளில் சொன்னால் போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சின்னச் சின்னத் தொகையாக, அதுவும் சாயங்காலத்திலும் லீவு நாளிலும் போகிறதென்றால் முதலில் வீட்டுக்குள் பாருங்கள்.

ஜிபேயில் ஹிஸ்டரியைத் திறந்து யாருக்குப் போயிருக்கிறது என்று வாசியுங்கள். கூகுள் ப்ளே என்று இருந்தால் பெரும்பாலும் கேமுக்குள் செலவழிக்கிற காசு, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் டைமண்டோ பிஜிஎம்ஐ யூசியோதான். ப்ளே ஸ்டோரில் வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் பகுதிக்குள் போனால் என்றைக்கு எந்த கேமுக்கு எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லையென்றால் கூகுளிடமே ரீஃபண்ட் கேட்கலாம், பல சமயம் கிடைக்கும். தாண்டிவிட்டால் கேம் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும், அது சிரமம்.

அப்புறம் மூன்று இடங்களை அடைக்க வேண்டும். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றுங்கள். ஜிபேயில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கிறது, மாசா மாசம் தானாகப் போகிற பணம் அதற்குள் உட்கார்ந்திருக்கும், தெரியாததை எல்லாம் ரத்து செய்யுங்கள். மூன்றாவது யுபிஐ லைட். அதில் 1,000 ரூபாய் வரைக்கும் பின் நம்பர் கேட்காமலே போகும், பெட்டிக்கடைக்கு வசதிதான், பிள்ளை தொடுகிற போனில் வேண்டாம். யுபிஐ பின்னையும் மாற்றிவிடுங்கள், இந்தத் தடவை நீங்களே அடியுங்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பையன் பணம் கட்டி ரம்மி மாதிரி ஆடுகிறான் என்றால் அது வேறு கணக்கு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. அதற்குப் பிறகும் டெலிகிராமில் லிங்க் அனுப்பி ஆடக் கூப்பிடுகிறவன் திருட்டுத்தனமாக நடத்துகிறவன், ஜெயித்தாலும் பணம் தர மாட்டான் என்பதைப் பையனுக்கு அப்படியே சொல்லுங்கள், அறிவுரையைவிட அது ஏறும்.

ஒன்று கவனியுங்கள். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதே சமயத்தில்தான் கோடை லீவும். வீட்டில் வருமானம் இல்லாத நாளும் பிள்ளை கையில் போன் அதிகம் இருக்கிற நாளும் ஒன்றாக வருகிறது. மார்ச் மாதமே இந்த மூன்று இடங்களையும் அடைத்துவிடுவது நல்லது.

யாராவது பக்கத்தில் வந்தால் திரையைக் கவிழ்க்கிறாள், சாப்பாடு இறங்கவில்லை, திடீரென்று பணம் கேட்கிறாள்

இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன். திரையைக் கவிழ்ப்பது மட்டும் என்றால் வயசு. அதோடு பயமும் பணமும் சேர்ந்தால், யாரோ படத்தை வைத்து மிரட்டுகிறான் என்ற சந்தேகம் உங்களுக்கு வந்தே ஆக வேண்டும். பெண் பிள்ளைக்கு மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள், பையன்களை மிரட்டிப் பணம் பறிப்பதும் நடக்கிறது, பையன்கள் இன்னும் வெளியே சொல்வதில்லை. படம் உண்மையாகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஸ்டேட்டஸில் வைத்த சாதாரணப் படத்தை எடுத்து ஏஐ வைத்து மாற்றிவிட்டும் மிரட்டுகிறார்கள்.

முதல் பேச்சு இதுவாக இருக்கட்டும்: "உன் மேல கோவம் இல்ல. நீ இனிமே அவனுக்குப் பதில் சொல்ல வேண்டாம், நான் பாத்துக்கிறேன்." ஏன் அனுப்பினாய் என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

அடுத்து, காசு கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் கொடுக்கிற வீடு என்று தெரிந்துவிடும், தொகை ஏறும். உடனே பிளாக் பண்ணவும் வேண்டாம், முதலில் ஆதாரம். இன்ஸ்டாகிராம் என்றால் அவன் ப்ரொஃபைலுக்குப் போய் மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் ப்ரொஃபைல் லிங்கை காப்பி செய்ய வழி இருக்கும். அதை எடுத்து ஒரு நோட்டில் ஒட்டிவையுங்கள். காட்டுகிற பெயரையும் முகப்புப் படத்தையும் அவன் நொடியில் மாற்றிவிடுவான், அதனால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பணம் கேட்டு அவன் கொடுத்த யுபிஐ ஐடி, போன் நம்பர், மிரட்டிய வரிகள், நாள், நேரம், இவை எல்லாம் தெரிகிற மாதிரி எடுங்கள். மறைந்துபோகிற மெசேஜாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது எதிராளிக்குத் தெரிந்துவிடலாம், அதற்கு இன்னொரு போனால் திரையைப் படம் பிடியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. பிள்ளையின் அந்தரங்கப் படத்தை "பாருங்க இப்படி மிரட்டுறான்" என்று மாமாவுக்கோ ஊர்ப் பெரியவருக்கோ அனுப்பக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவிலும் போக்சோ சட்டத்திலும் குற்றம். அத்தகைய படத்தை அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதும் குற்றத்தில் சேரும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றிலிருந்து போனதுதான். உதவி செய்கிறேன் என்று படத்தைச் சுற்றவிட்டவரும் மாட்டுவார், பிள்ளையின் மானமும் போகும். படம் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும், என்ன செய்வது என்று போலீஸ் சொல்லும்.

எங்கே சொல்வது? 1098 குழந்தைகளுக்கான உதவி எண், பிள்ளையே கூப்பிடலாம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் (cybercrime.gov.in) தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அதில் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். நேரில் என்றால் ராமநாதபுரத்தில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, இல்லாவிட்டால் பக்கத்து மகளிர் காவல் நிலையம்.

"ஸ்டேஷனுக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடும், நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா?" என்று என்னிடம் கேட்காத அம்மா இல்லை. நியாயமான பயம். ஆனால் போக்சோ சட்டம் 2012லேயே இதற்கு வழி வைத்திருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ பிள்ளை கேட்கிற இடத்திலேயோ எடுக்க வேண்டும், முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் எடுக்க வேண்டும், எடுக்கும்போது யூனிஃபார்மில் இருக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயர், முகவரி, பள்ளிக்கூடம் எதையும் பத்திரிகையில் போடக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் தைரியமாகக் கேட்கலாம்.

படம் வெளியே வந்துவிடும் என்ற பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியவில்லை. டேக் இட் டவுன் என்று ஓர் இலவச சேவை, அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது, இந்தியாவிலிருந்தும் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. படத்திலிருந்து ஓர் எண் அடையாளம் மட்டும் எடுத்துக்கொண்டு, இதில் சேர்ந்திருக்கிற இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள், அதே படம் அங்கே ஏறினால் கண்டுபிடித்து எடுக்க உதவும். வாட்ஸப் தனி மெசேஜில் போவதை இது தடுக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளை "செத்துப்போறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னாலும், விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இருந்தாலும், தனியாக விடாதீர்கள். 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். புகார் மறுநாள் காலையில் கொடுத்துக்கொள்ளலாம்.

தெரியாத ஃபைல் ஒன்றை அழுத்தியதிலிருந்து போன் கிறுக்குப் பிடித்த மாதிரி இருக்கிறது

கல்யாணப் பத்திரிகை என்றோ வண்டிச் சலான் என்றோ பெயர் போட்டு, கடைசியில் ஏபிகே என்று முடிகிற ஃபைல். பத்திரிகை படமாகவோ பிடிஎஃபாகவோ வரும், ஏபிகே என்றால் அது ஆப். இன்ஸ்டால் ஆகிவிட்டதா, உடனே ஏரோப்ளேன் மோட், வைஃபையும் நிறுத்துங்கள், சிம்மைக் கழற்றுங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்திவையுங்கள், பணம் போயிருந்தால் 1930. அப்புறம் படங்களை மட்டும் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான் சுத்தமான வழி. ஆப்பை மட்டும் நீக்கினால் போதும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ரீசெட் முடிந்து சிம் போட்டதும் ##002# அடித்துக் கால் பட்டனை அழுத்துங்கள், உங்கள் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிட்டிருந்தால் அது ரத்தாகும். வாட்ஸப்பில் லிங்க்டு டிவைசஸ் பார்த்து, தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள்.

பிள்ளையைத் திட்டுவதற்கு முன் யோசியுங்கள். நம் பக்கம் பல வீடுகளில் போனில் வருவதை வாசித்துச் சொல்கிற ஆளே அந்தப் பிள்ளைதான். அப்பத்தாவுக்கு ஒரு அழைப்பு வருகிறது, தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் ஏறவில்லை, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கள் என்கிறான். அப்பத்தா, "ஐயா, இங்கிட்டு வா, இதுல என்ன நம்பர் வந்திருக்கு, வாசி" என்கிறார். ஏழாவது படிக்கிற பேரன் நல்ல பிள்ளையாக ஓடிபியை வாசித்துக் கொடுத்துவிடுகிறான். பள்ளிக்கல்வித் துறையிலிருந்து பேசுகிறோம், உதவித்தொகை வந்திருக்கிறது, க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்கள் என்பதும் இதே வகைதான். ஆகவே வீட்டில் பயிற்சி கொடுக்க வேண்டிய முதல் ஆள் பேரன். அவனுக்கு ரெண்டே விஷயம்: பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, பின் நம்பர் கேட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகிறது. ஓடிபி வந்த மெசேஜை முழுசாக, மேலே உள்ள வரியையும் சேர்த்து, அழைப்பைத் துண்டித்துவிட்டு அப்பத்தாவுக்குச் சத்தமாக வாசித்துக்காட்ட வேண்டும். எதற்கான ஓடிபி, எவ்வளவு ரூபாய், யாரிடமும் சொல்லாதே என்பதெல்லாம் அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கும். அழைப்பில் இருக்கிறவனுக்கு வாசிக்கக் கூடாது. ஒரு தடவை அப்பத்தாவையும் பேரனையும் உட்காரவைத்து நீங்கள் திருடன் மாதிரிப் பேசி நடித்துக் காட்டுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

ராத்திரி தூங்குவதில்லை, வகுப்பில் தூங்குகிறான் என்று டீச்சர் சொல்கிறார்

விசைப்படகில் போன அப்பா மறுநாள் காலைதான் கரைக்கு வருவார், அம்மா விடியும் முன்னே ஏலத்துக்குப் போக வேண்டும் என்று சீக்கிரம் படுத்துவிடுவார். அந்த நேரம் போன் யார் கையில்? கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் போட்டுத் தூங்கும் நேரம் குறித்துவைத்தால் அந்த நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும், ஆனால் அது பிள்ளைக்குத் தனிப் போனும் தனி கூகுள் கணக்கும் இருந்தால்தான் சரிவரும். வீட்டுக்கு ஒரே போன் என்றால் சார்ஜரை அம்மா தலைமாட்டுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

சின்னது போன் இல்லாமல் சாப்பிடவில்லை, யூடியூபில் விகாரமாக ஏதோ ஓடுகிறது

யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை முழுசாக அழியுங்கள், அந்த மாதிரி வீடியோ ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளியைத் தொட்டு இந்தச் சேனல் வேண்டாம் என்று கொடுங்கள், நாலைந்து நாளில் வருவது மாறும். யூடியூப் கிட்ஸில் நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும் ஓடும்படி வைக்கலாம். சாப்பாட்டு நேரத்துக்கு எந்த ஆப்பும் வேண்டாம், ரெண்டு நாள் அழும், அப்புறம் சாப்பிடும்.

ரீல்ஸ் போடுகிறாள், யார் யாரோ கமெண்ட் போடுகிறார்கள்

நிறுத்தச் சொல்வதற்கு முன் ஒரு ரீலைச் சேர்ந்து பாருங்கள், திருடன் கண்ணோடு. சுடிதாரில் பள்ளி பேட்ஜ் தெரிகிறதா? பின்னால் வீட்டு வாசலும் தெருப் பலகையும் தெரிகிறதா? தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நிற்கும்போதே இடத்தைக் குறித்துப் போட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று சொன்னதாகிறது. "அப்பா கடலுக்குப் போய்ட்டாங்க, நானும் தங்கச்சியும் மட்டும்" என்று ஸ்டேட்டஸ் வைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதன் அர்த்தம் அவர்களுக்குத் தெரிவதில்லை. திரும்பி வீட்டுக்கு வந்தபிறகு போடு, பேட்ஜைக் கழற்றிவிட்டு எடு என்றால் பிள்ளை கேட்கும். கணக்கு பிரைவேட்டில் இருக்கட்டும். பிறந்த வருஷத்தைப் பொய்யாகக் கொடுத்திருந்தால் இன்ஸ்டாகிராம் பெரியவர் கணக்காக நினைத்துத் திறந்துவிடும், உண்மையான வயதாக இருந்தால் 18க்குக் கீழே தானாகவே கட்டுப்பாடுகளோடு இருக்கும். 13 ஆகவில்லையென்றால் கணக்கே கூடாது.

பையன் சாதிப் பெருமை ஸ்டேட்டஸ் வைக்கிறான், எல்லாவற்றையும் ஃபார்வர்ட் பண்ணுகிறான்

அடுத்த சாதியைச் சீண்டுகிற ரீல் ஒன்று, அரிவாள் ஈமோஜி ஒன்று, பள்ளி வாசலில் அடிதடியில் முடியும். இருபத்துநாலு மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று நினைக்கிறான்; ஆனால் எதிர்ப்பக்கத்துப் பையன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிடுவான், அதை வைத்து வழக்கும் போடலாம். கேஸ் ஒன்று இருந்தால் போலீஸ், ராணுவம் என்று அவன் கனவு காண்கிற வேலைக்குச் சரிபார்ப்பு வரும்போது நிற்கும். இதைச் சொல்லுங்கள். அதோடு கூடவே, வீட்டில் நாம் என்ன பேசுகிறோம் என்பதையும் பாருங்கள், பையன் அதை வானத்திலிருந்து எடுத்துவரவில்லை.

வதந்தியில் இங்கே இரண்டு வகை அடிக்கடி வரும். ஒன்று புயல் வீடியோ. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் பாம்பன் பாலத்தில் ரயில் தள்ளாடுகிற மாதிரி ஒரு காட்சி "இப்போது" என்று சுற்றும். பையனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அவன் ஊர் பாலம்தானே. நடுவில் இரண்டாகப் பிரிந்து தூக்குகிற பழைய பாலமா, மொத்தமாக நேரே மேலே ஏறுகிற புதிய பாலமா? பழைய பாலத்தில் 2022 டிசம்பருக்குப் பிறகு ரயில் ஓடவில்லை, புதியது திறந்தது 2025 ஏப்ரல் 6ஆம் தேதி. பழைய பாலத்தில் ரயில் தெரிந்தால் அது பழைய வீடியோ, அவ்வளவுதான். இப்படி ஒன்றைத் தானே பிடித்த பையன் அடுத்ததையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பான். புயலா இல்லையா என்பதற்கு வானிலை மைய அறிவிப்பும் பாம்பனில் ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டும் இருக்கின்றன.

இன்னொன்று, இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று வருகிற வாய்ஸ் மெசேஜ். இது பல நேரம் உண்மையாகவும் இருக்கிறது, அதனால்தான் கஷ்டம். எண்ணிக்கை மாறி, படகு மாறி, பேர் மாறி வரும், அதைக் கேட்டுவிட்டு ஒரு வீட்டில் அழுகை தொடங்கிவிடும். படகின் பதிவு எண்ணையோ ஆள் பெயரையோ போட்டு வருகிற எதையும், மீனவர் சங்கத்திலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ கேட்டு உறுதியாகும்வரை ஃபார்வர்ட் பண்ணக் கூடாது. உறுதியானாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஆள் போய்ச் சொன்ன பிறகுதான்.

எந்த அறிகுறியும் இல்லை

அப்படியென்றால் இன்றைக்கே கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், அவன் தட்டட்டும் நீங்கள் பாருங்கள். வாட்ஸப்பில் ப்ரைவசிக்குள் போய், குரூப்பில் சேர்க்கும் உரிமையை நம் கான்டாக்டில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுங்கள், தெரியாத நம்பர் அழைப்பு ஒலிக்காமல் இருக்கும்படி மாற்றுங்கள், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். பாட்டிம், ஐமோ இருந்தால் அதிலும் தெரியாதவர் கூப்பிடுவதை நிறுத்தும் இடத்தைத் தேடிப் பாருங்கள், வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கேமரா, மைக், இருப்பிடம் மூன்றும் எந்தெந்த ஆப்புக்குத் திறந்திருக்கிறது என்று செட்டிங்ஸில் பாருங்கள், டார்ச் ஆப்புக்குக் கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு? கடைசியாக 1098, 1930 இரண்டையும் பெயர் போட்டு அந்தப் போனிலேயே சேமித்துவிடுங்கள்.